எழுநூறு மீட்டர் கம்பி, ஒரே மூச்சில்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அது கயிறு இல்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலை வாசலில் ஒரு பேனர் கட்டினார்கள். ‘விண்வெளிக்குக் கயிறு திரித்த சாதனைப் பெண்மணி’ என்று பெரிய எழுத்தில் போட்டு, விழித்துக்கொண்டிருக்கும் என் படத்துக்குப் பக்கத்தில் நெருப்பு கக்கும் ராக்கெட் ஒன்றையும் வைத்திருந்தார்கள். நான் கயிறு திரித்ததே இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் முப்பத்தாறு வருஷம் கம்பி சுற்றியவள். மின்விசிறிக்கு, தண்ணீர் மோட்டாருக்கு, மிக்ஸிக்கு, கடைசியில் ஒரு செயற்கைக்கோளுக்கு. இதை அன்றைக்கே மேடையில் சொல்லப்போனேன். அதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டு சால்வை போட்டுவிட்டார்கள்.

இப்போது அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வாரம் தவறாமல் கூப்பிடுகிறாள். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கையேடு போடுகிறார்களாம். “உங்க எக்ஸ்பீரியன்ஸ் ரெண்டு பக்கம் அனுப்புங்க மேடம். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்” என்கிறாள். கூடவே கட்டம் போட்ட ஒரு தாள்: சந்தித்த சவால், கற்ற பாடம், இளைஞர்களுக்கு அறிவுரை. கட்டம் போட்ட தாள்களோடு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நடந்ததை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. அறிவுரையும் கிடையாது.

என் அப்பாவும் அம்மாவும் கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நான் ஐ.டி.ஐ. முடித்து, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளை, அதாவது காயிலை, சுற்றும் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று: கம்பி அறுந்தால் அது கம்பியின் குற்றமில்லை, இழுத்தவளின் குற்றம். மற்றதெல்லாம் மெஷின் துடைத்ததும் திட்டு வாங்கியதும்தான். அதை விட்டுவிடலாம்.

செயற்கைக்கோள் வேலை வந்தபோது நான் காயில் பிரிவின் சூப்பர்வைசர். எனக்கு மேலே வரதராஜன் சார், தர மேலாளர். மனிதர் குரலை உயர்த்த மாட்டார். திட்டவும் மாட்டார். திட்டினாலாவது பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசலாம். எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சரி, எழுதிக் குடுங்க” என்பார். மெஷின் பெல்ட் தேய்ந்துவிட்டது என்றால் எழுதிக் குடுங்க. கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்றால் எழுதிக் குடுங்க. ஒரு தடவை தீயணைக்கும் சிலிண்டர் காலாவதியாகிவிட்டது என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அதற்கும் அதேதான்.

“தீப்பிடிச்சாலும் எழுதித்தான் குடுக்கணுமா சார்?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். “அப்போ சொல்லிட்டு ஓடுங்க. நின்னப்புறம் எழுதிக் குடுங்க.”

சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னார். எழுதிக் கொடுத்ததை அவர் நின்றுகொண்டுதான் படிப்பார். வரிக்கு வரி ஸ்கேலை வைத்து நகர்த்துவார். எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் விஷயத்துக்கே வருவார். அந்த ஸ்கேலைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே வீசலாமா என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

செயற்கைக்கோள் வேலையைக் கொண்டுவந்தவர் பிரசன்னா. சென்னையில் சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிற இன்ஜினீயர், நாற்பது வயதிருக்கும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் விரல் நீளக் கம்பித் துண்டு ஒன்றை வைத்து எடுத்துவந்தார். தையல் நூல் தடிமன். மயிரிழை போன்ற அலுமினியக் கம்பிகளை உறுதியான நாரிழையோடு சேர்த்து முறுக்கியது.

“சின்ன சாட்டிலைட் சார்” என்று முதலாளியிடம் விளக்கினார். “வேலை முடிஞ்சப்புறம் மேலயே குப்பையா சுத்திக்கிட்டு இருக்கக் கூடாது. கீழ இறக்கி, காத்துல உரசி எரிய வெச்சிடணும். அதுக்கு எரிபொருள் கொண்டுபோக எடம் இல்ல. அதனால இந்தக் கம்பிய எழுநூறு மீட்டருக்கு வெளிய நீட்டப்போறோம்.”

“நீட்டினா எப்படி இறங்கும்? கம்பி என்னா, நங்கூரமா?” என்று முதலாளி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரியம் உடனே பிடிபட்டுவிட்டது. காந்தத்துக்குக் குறுக்கே கம்பி ஓடினால் கம்பியில் கரண்ட் பிறக்கும். சைக்கிள் டைனமோவில் நடப்பது அதுதான். டைனமோவை டயரோடு சேர்த்தால் பெடல் கனக்குமே, அந்தக் கனம்தான் இங்கே வேண்டியது. மேலே பூமியே காந்தம். செயற்கைக்கோள் கம்பியை இழுத்துக்கொண்டு அந்தக் காந்தத்தைக் குறுக்கே வெட்டி ஓடும்; கம்பியில் கரண்ட் ஓடும்; டைனமோ போட்ட சைக்கிள் மாதிரி வேகம் குறையும்; கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. “போற கரண்ட் திரும்பி வரணுமே சார். ரிட்டர்ன் கம்பி எங்க?”

பிரசன்னா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். “பணம் போடறவங்க யாருமே இதக் கேக்கல மேடம்” என்றார். அந்த உயரத்தில் மிச்சமிருக்கும் மெல்லிய காற்று வெயிலில் உடைந்து மின்துகளாகத்தான் இருக்குமாம். கம்பியின் மேல்பூச்சில்லாத பகுதி அதிலிருந்து எலக்ட்ரானை வாரிக்கொள்ளும். செயற்கைக்கோளில் உள்ள ஒரு கருவி அதை மறுபடி வெளியே துப்பும். சுற்றியிருக்கும் அந்த மின்துகள்கள்தான் ரிட்டர்ன் கம்பி. “சோலார் தகட்டுலேர்ந்து கரண்ட்ட எதிர்ப்பக்கம் தள்ளினா இதே கம்பி சாட்டிலைட்ட மேலயும் தூக்கும். அது அடுத்த ப்ராஜெக்ட்.”

கம்பி வெளிநாட்டிலிருந்து வரும். அதைச் சிக்கில்லாமல் ஒரு ஸ்பூலில், நூல் உருளை மாதிரி, சுற்றித் தருவதுதான் எங்கள் வேலை. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். முதலாளிக்கும் அப்படித்தான் தோன்றியது. “கம்பி சுத்தறதுதானே ரெஜினா? முப்பது வருஷமா சுத்திக்கினுதானே இருக்கே” என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு எரிச்சல்.

மோட்டார் காயில் ஒரு தடவை சுற்றினால் சுற்றியதுதான். அது அவிழக் கூடாது. இது அவிழ்வதற்காகவே சுற்றுவது. அதுவும் யாரும் போய்க் கைகொடுக்க முடியாத இடத்தில், ஒரே ஒரு முறை, நிற்காமல் அவிழ வேண்டும். அங்கே ஸ்பூல் சுழலாது. மீன்பிடிக்கிற ரீலில் நரம்பு உருவிக்கொண்டு போவது போல, நிற்கிற ஸ்பூலின் தலைப்பக்கமாகக் கம்பி உருவிக்கொண்டு போகும். அப்படி உருவும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கம்பியில் ஒரு முறுக்கு ஏறும். அது ஏறாமல் இருக்க, சுற்றும்போதே எதிர்ப்பக்கம் ஒரு முறுக்கைக் கொடுத்துச் சுற்ற வேண்டும். அதற்காக ஒரு மெஷின் செய்தோம். ஸ்பூல் அசையாமல் நிற்கும். வளைந்த கை ஒன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து கம்பியை அடுக்கும்.

அறைக்கும் விதிமுறை இருந்தது. எங்கள் பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் அதிகம். காலையில் உலர்த்திய வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறமாக இருக்கும். அதனால் ஜன்னல்களை ஒட்டி மூடி, வடிகட்டிய காற்றை உள்ளே விட்டோம். பூ கூடாது, பொட்டு கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, பவுடர் கூடாது. கை உறையைக்கூட ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கம்பியை இழுக்கும் விசை இருபது கிராமுக்கு மேலும் போகக் கூடாது, பதினைந்துக்குக் கீழும் இறங்கக் கூடாது. ஐம்பது மீட்டருக்கு ஒரு முறை மின்தடை அளக்க வேண்டும். ஓர் அடுக்கு முடிந்ததும் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, படம் எடுத்து, அட்டையில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

வரைபடம் எட்டு தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் பிரசன்னா, “இதுதான் ஃபைனல் மேடம்” என்பார். அடுத்த வாரம் இன்னொரு ஃபைனல் வரும். பார்வையாளர்கள் வேறு. அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் போதாதா? உள்ளே வந்து, “இதுதான் அந்தக் கயிறா?” என்று விரலை நீட்டுவார்கள். அவர்கள் போன பிறகு அறையை முதலிலிருந்து துடைப்போம்.

என்னோடு இரண்டாவது கையெழுத்துப் போட்டவள் கோமதி. பழவேற்காட்டு மீனவக் குடும்பம். என்னைவிட இருபது வயது சின்னவள். ஒப்பந்தத் தொழிலாளி; வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். அவளுடைய விரல்போல வேறொருவருக்குப் பார்த்ததில்லை. கம்பி விரலைத் தொட்டு ஓடும்போதே, “அக்கா, பதினெட்டு இருக்குது” என்பாள். அளவுமானியைப் பார்த்தால் பதினெட்டுதான்.

சோதனை ஸ்பூல்கள் நான்கு சுற்றினோம். நான்கும் நன்றாக அவிழ்ந்தன. பிறகு உண்மையில் மேலே போகப்போகிற ஸ்பூல். இரண்டு நாள் வேலை. இரண்டாம் நாள் பிற்பகல், நானூற்று எண்பதாவது மீட்டரில் கரண்ட் ஒரு கண்ணிமைப்பு போய்விட்டு வந்தது. என் வீட்டுக்காரருக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. அதனால் ஊரில் எங்கே கரண்ட் போனாலும் எல்லோரும் என்னைத்தான் முறைப்பார்கள். அன்றைக்கும் முறைத்தார்கள். மெஷின் நின்றது. இழுவிசை காட்டும் முள் ஒரு துள்ளு துள்ளியது. மெஷினின் கைக்கு முன்னால் இருந்த கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சுத்தம். மின்தடை அளந்தோம். சரியாக இருந்தது. கோமதியும் நானும் கையெழுத்துப் போட்டோம். சாயங்காலம் எழுநூறும் முடிந்தது. முதலாளி கேக் வெட்டினார். கேக்கின் மேலும் ‘கயிறு’ என்றுதான் எழுதியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலுக்குப் போய்வந்து, வீட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தேன். பைப்பில் திடீரென்று தண்ணீர் நின்றது. முனையைக் குலுக்கினேன், ஊதினேன், கண்ணருகே வைத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. திரும்பினால், பைப் எனக்குப் பின்னால் இரண்டடி தள்ளி வளையம் போட்டு மடங்கிக் கிடந்தது. இழுத்தேன். வளையம் இறுகி, மடிப்பாக மாறியது. தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் பைப்பில் அந்த வெள்ளைத் தழும்பு அப்படியே இருந்தது.

அப்படியே நின்றுவிட்டேன்.

“இன்னா, பைப்பையே மொறச்சுகினு நிக்கிற?” என்றார் வீட்டுக்காரர்.

கரண்ட் போனபோது நான் பார்த்தது கைக்கு முன்னால் இருந்த கம்பியை. கை நிற்கும்போது ஒரு முடியளவு பின்வாங்கும். அப்படியானால் கம்பி தளர்ந்தது கைக்குப் பின்னால், ஸ்பூலின் பக்கம். முறுக்கேற்றிய கம்பி தளர்ந்தால் வளையம் போடும். மறுபடி இழுத்தால் வளையம் மடிப்பாகும். மடிப்பில் கரண்ட் ஒழுங்காகப் போகும். மின்தடை சரியாகவே காட்டும். ஆனால் மேலே போய் வெயிலிலும் குளிரிலும் இழுபடும்போது அறுந்தால்?

திங்கட்கிழமை முதலில் கோமதியிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

“அக்கா, ரீடிங் எல்லாம் கரீட்டா இருக்குது. நீயே கையெழுத்து போட்டுட்டு, நீயே இப்ப இல்லன்னு சொன்னா இன்னா அர்த்தம்? எனக்கு அடுத்த மாசம் ரெனியூவல் வருது. இப்ப போயி ஸ்பூலு தப்புன்னா, முதல்ல தூக்கறது என்னியத்தான்.”

“தப்புன்னு சொல்லல கோமதி. தெரியலன்னு சொல்றேன்.”

“அத்தான் இன்னும் பேஜாரு. தப்புன்னாலாவது தப்பு இன்னான்னு காட்டலாம்.”

அவள் சொன்னது நியாயம். தெரிந்துகொள்ள ஒரே வழி முழுவதையும் அவிழ்ப்பது. அவிழ்த்த கம்பியை மறுபடி சுற்றக் கூடாது. உரசலில் மேற்பரப்பு கெட்டிருக்கும். கையிருப்பில் இன்னும் ஒரே ஒரு எழுநூறு மீட்டர்தான் இருந்தது. அதுவும் கெட்டால் செயற்கைக்கோள் கம்பிக்குப் பதில் வெறும் எடைக்கட்டியைச் சுமந்துகொண்டு போகும். பிரசன்னாவின் மூன்று வருஷ உழைப்பு வீண். ஸ்பூலைக் கொடுக்க இன்னும் பதினோரு நாள்.

வரதராஜன் சாரிடம் போனேன். சொல்லி முடிக்கும்வரை கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுதிக் குடுங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “சார், இதுல எழுத இன்னா இருக்கு? எனக்கு மனசு ஒப்பல. அவ்ளோதான்.”

“அதையே எழுதுங்க.”

குறைபாட்டுப் படிவத்தை எடுத்தேன். ‘எவ்வாறு கண்டறியப்பட்டது’ என்ற இடத்தில் மூன்று கட்டம்: பார்வை, கருவி, வாடிக்கையாளர் புகார். வாசல் கழுவும் பைப்புக்குக் கட்டம் இல்லை. மூன்றின் குறுக்கேயும் கோடு போட்டு, பைப் மடங்கிய கதையை முழுவதும் எழுதினேன். அதை அவர் நின்றுகொண்டு, ஸ்கேல் வைத்து, வரி வரியாகப் படித்தார். ‘வளையம்’ என்பதை நான் ‘வலையம்’ என்று எழுதியிருந்தேன். திருத்தினார். பிறகு போனை எடுத்து, என் எதிரிலேயே பிரசன்னாவைக் கூப்பிட்டார். “சார், ஸ்பூலை நிறுத்தி வெச்சிருக்கேன். நேர்ல வாங்க.” முதலாளியிடம் கேட்கவில்லை. ஸ்பூல் பெட்டியில் சிவப்புச் சீட்டைக் கட்டிவிட்டார்.

பிரசன்னா வந்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது. “மேடம், அத்தனை ரீடிங்கும் ஓகே. ஒரு ஃபீலிங்குக்காக ஃப்ளைட் ஸ்பூல அவுக்க முடியுமா?”

வரதராஜன் சார் எங்களை மெஷினுக்குக் கூட்டிப்போனார். சோதனை ஸ்பூலில் அவிழ்த்த பழைய கம்பியை ஏற்றி ஓடவிட்டு, வேண்டுமென்றே கரண்ட்டை நிறுத்தச் சொன்னார். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுமில்லை. ஐந்தாவதில் பிரசன்னா போனைப் பார்க்க ஆரம்பித்தார். ஆறாவதில் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஏழாவது தடவை கோமதி, “தோ, தோ!” என்று கத்தினாள். கைக்குப் பின்னால், ஸ்பூலை ஒட்டி, எள்ளளவு வளையம். மெஷினை மெல்ல ஓட்டினோம். வளையம் இறுகி மடிந்து, சுற்றோடு சுற்றாகப் படிந்துவிட்டது. அது படிந்த பிறகு வெறும் கண்ணுக்கு இருந்த இடமே தெரியவில்லை. அந்தத் துண்டை வெட்டி இழுத்துப் பார்த்தோம். தாங்க வேண்டியதில் பாதிகூடத் தாங்காமல் அறுந்தது.

பிரசன்னா அறுந்த இரண்டு துண்டுகளையும் ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடினார். “அவுத்துடுங்க” என்றார்.

அவிழ்ப்பது சுற்றுவதைவிட மெதுவான வேலை. ஒவ்வோர் அங்குலமும் மைக்ராஸ்கோப்பின் கீழ் போக வேண்டும். மறுநாள் பிற்பகல் அந்த நானூற்று எண்பதாவது மீட்டர் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். சுத்தம். அதற்கு முன்னால் ஐந்து மீட்டர், பின்னால் ஐந்து மீட்டர், எல்லாம் சுத்தம். கம்பி பளிங்கு மாதிரி இருந்தது.

நல்ல ஸ்பூல் ஒன்றை நான் நாசமாக்கிவிட்டேன் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. கோமதி என்னைப் பார்க்காமல் கை உறையைக் கழற்றினாள். இந்த வயதில் இது எனக்குத் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

“போதும், நிறுத்திடலாமா?” என்றார் பிரசன்னா.

“பாதியில நிறுத்தினா பாதிதான் தெரியும். முழுசும் பாருங்க ரெஜினாம்மா” என்றார் வரதராஜன் சார். அவர் குரல் எப்போதும்போலவே இருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதற்கு மறுநாள் காலை பதினொரு மணிக்கு, இருநூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில், கோமதியின் விரல் நின்றது. “அக்கா, இங்க ஒண்ணு கீது.” மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மடிப்பு. அலுமினிய இழைகளில் இரண்டு ஏற்கெனவே வெடித்திருந்தன.

கரண்ட் போன இடம் அது இல்லை. அங்கே ஒரு சம்பவமும் நடக்கவில்லை. அட்டையைப் புரட்டினோம். ஒன்பதாவது அடுக்கு முடிந்த இடம். படம் எடுத்திருக்கிறோம்; படத்தில் சுற்று ஒழுங்காக இருக்கிறது; கீழே என் கையெழுத்தும் கோமதியின் கையெழுத்தும் இருக்கின்றன. நான் சொன்ன காரணம் தப்பு. கம்பி மடிந்திருந்தது மட்டும் நிஜம். இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வரதராஜன் சார் அந்த அட்டையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அடுக்கு முடிஞ்சதும் நிறுத்திப் படம் எடுக்கறீங்க இல்ல, அதச் செஞ்சு காட்டுங்க” என்றார்.

செய்தோம். மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, படம் எடுத்து, மூடி, மறுபடி ஓட்டினோம். நான்காவது தடவை அதே எள்ளளவு வளையம். எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கரண்ட் போய் நின்றாலும், படம் எடுக்க நாங்களே நிறுத்தினாலும், கை பின்வாங்குவது ஒன்றுதான். அடுக்குக்கு ஒரு முறை நாங்களே அந்த ஆபத்தைக் கூப்பிட்டிருக்கிறோம். நிற்கும்போது கம்பி தளர மட்டும்தான் செய்யும்; அந்தத் தளர்வு வளையமாக விழுவது படம் எடுத்த பிறகு, மறுபடி ஓட்டும்போது. அதனால் படத்தில் அது சிக்கவே சிக்காது. தரத்துக்குச் சாட்சியாக வைத்த படமே தரத்தைக் கெடுத்திருக்கிறது. சோதனை ஸ்பூல்களுக்கு இந்தப் படம் கிடையாது. ஆறாவது ஃபைனல் வந்தபோதுதான் எங்கள் நடைமுறையில் இது சேர்ந்தது. அப்போது நான், நேரம் வீணாகிறது என்றுதான் புலம்பினேன். ஆபத்து என்று எனக்கும் தோன்றவில்லை.

வரதராஜன் சார் அலமாரியிலிருந்து நடைமுறைக் கோப்பை எடுத்துவந்தார். படம் எடுக்கும் வரியைக் கண்டுபிடித்து ஸ்கேலை அதன் கீழே வைத்தார். ஓரத்தில் இருந்தது அவருடைய சுருக்கொப்பம். நான் எழுதிய படிவத்தை எடுத்து, ‘மூல காரணம்’ என்ற இடத்தில் அவரே எழுதினார்: ‘அடுக்குதோறும் இயந்திரத்தை நிறுத்தும் நடைமுறை. இதைச் சேர்த்தவன் நான். சுற்றிய இருவர் மீதும் தவறில்லை.’ முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்திட்டார்.

“சார், இதக் கொஞ்சம் பொதுவா எழுதலாமே” என்றார் பிரசன்னா.

“பொதுவா எழுதினா கோமதி தலையில வந்து விழும்” என்றார்.

கோமதி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்சமிருந்த எழுநூறு மீட்டரை நிறுத்தாமல் சுற்றுவது என்று முடிவாயிற்று. படம் இல்லை, தேநீர் இல்லை. கரண்ட்டை நம்பாமல் முதலிலிருந்தே ஜெனரேட்டர். நிறுத்தக் கூடாது என்பதால் மெதுவாக ஓட்டினோம். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மாலை நாலரைவரை. அரை மணி நேரத்துக்கு ஒரு முறை கோமதியும் நானும் இடம் மாறினோம். ஒருத்தி விரலை எடுப்பதற்கு முன் மற்றவள் விரலை வைத்துவிடுவோம். நடுவில் ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது. கோமதி, “மாதாவே” என்றாள். அவள் இந்து. நான், “முருகா” என்றேன். அதைப் பிறகு நினைத்துச் சிரித்தோம், அப்போது சிரிக்கவில்லை. வரதராஜன் சார் ஒன்பதரை மணி நேரமும் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே வரவே இல்லை. நாலரைக்கு மெஷின் நின்றபோது என்னால் விரலை மடக்க முடியவில்லை.

ஸ்பூல் உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. கோமதிக்குப் புதுப்பித்தார்கள். வரதராஜன் சாரை இரண்டு மாதத்தில் எங்கள் முதலாளியின் இன்னொரு யூனிட்டுக்கு, காக்களூருக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்று சொன்னார்கள். அங்கே ஃபேன் ரெகுலேட்டர் பெட்டிகளை எண்ணும் வேலை. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சூடாகிறது. அந்தப் படிவத்தைக் கிழித்துப்போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவருக்கும் அது தெரியும்.

ராக்கெட் போயிற்று. செயற்கைக்கோள் தன் வேலையைப் பார்த்தது. ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, கம்பியை வெளியே விடும் நாள் வந்தது. பிரசன்னா போனில் சொல்வதாகச் சொல்லியிருந்தார். நாங்கள் கேன்டீனில் காத்திருந்தோம். வரதராஜன் சார் அரைநாள் லீவு போட்டுவிட்டு, காக்களூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் போகிற பத்து நிமிஷம்தான் செய்தி கிடைக்கும். முதல் சுற்றில் பிரசன்னா எண்களை வாசித்தார். “நூத்தி நாப்பது... இருநூத்தி அஞ்சு... இருநூத்தி முப்பது...” என்று போய், நானூற்றுப் பத்தில் செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. அடுத்த சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். கோமதி மேசையை ஈரத்துணியால் துடைத்தாள்; மறுபடி துடைத்தாள். நான் அவளைத் திட்டினேன். பிறகு நானே ஒரு துணியை எடுத்துக்கொண்டு அடுத்த மேசையைத் துடைத்தேன்.

இரண்டாவது சுற்று. போன் ஸ்பீக்கரில் பிரசன்னா கத்தினார்: “எழுநூறு! முழுசா வந்துடுச்சு!” கேன்டீனே கைதட்டியது. முதலாளி ஸ்வீட் வாங்க ஆளை அனுப்பினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “நீளம் கெடக்கட்டும் சார். கரண்ட் வந்துதா?”

கைதட்டல் நின்றது. போனில் பிரசன்னா தடுமாறினார். “அது... எலக்ட்ரான துப்பற அந்தக் கருவிய இப்பதான் ஆன் பண்ணியிருக்கோம் மேடம். அடுத்த சுத்துல தெரியும்.”

இன்னொரு ஒன்றரை மணி நேரம். முதலாளி உட்படப் பாதிப் பேர் போய்விட்டார்கள். வரதராஜன் சாரின் அரைநாள் முடிந்துவிட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது சுற்றில் போனை எடுத்தபோது நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

“வருது மேடம்” என்றார் பிரசன்னா. “கரண்ட் ஓடுது. நெலையா ஓடுது. எறங்க ஆரம்பிச்சிடும்.”

யாரும் கைதட்டவில்லை. கோமதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வரதராஜன் சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை.

அது இறங்கி முடிக்க எட்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிரசன்னா கூப்பிட்டார். செயற்கைக்கோள் கடலுக்கு மேலே எரிந்து முடிந்துவிட்டது என்றார்.

“கம்பி?” என்று கேட்டேன்.

“அதுவும்தான் மேடம்.”

“எதனா மிச்சம் கீதா?”

“ஒண்ணுமே மிச்சமில்ல மேடம்.”

நான் சுற்றியனுப்பிய சரக்கைப் பற்றி முப்பத்தாறு வருஷத்தில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். அத்தனையிலும் நல்ல வார்த்தை அதுதான்.